போனை வைத்தும் காசு போகவில்லையா? மலையகக் கடைகளில் எந்தக் கோளாறுக்கு என்ன செய்வது

அட்டன் டவுனில் ஒரு பார்மசியில் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கப் போன அன்றுதான் முதல் தடவையாகக் காசு கட்டுவதற்குப் போனைக் கார்ட் மெஷினில் வைத்துப் பார்த்தேன். காசு போகவில்லை. பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். கல்லாவில் இருந்த தங்கச்சி என் முகத்தையே பார்க்கிறாள். பிழை போனிலா, மெஷினிலா, வங்கியிலா என்று எனக்குத் தெரியவில்லை. பையில் இருந்த காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு கொட்டகலை, தலவாக்கலை, நுவரெலியா, ஒரு தடவை பண்டாரவளை வரை, போகிற கடைகளில் எல்லாம் கேட்டுக் கேட்டு வைத்துப் பார்த்தேன். சரியாகப் போன இடங்களும் உண்டு, சொதப்பிய இடங்களும் உண்டு. சொதப்பியபோதெல்லாம் காரணத்தைத் தேடி எழுதி வைத்தேன். அதைத்தான் இங்கே தருகிறேன். நான் பயன்படுத்துவது ஆண்ட்ராய்டு போனும், வங்கிக் கார்டைப் போனில் சேர்த்து வைக்கிற கூகுள் வாலட் ஆப்பும். உங்கள் போனில் செட்டிங்ஸ் பெயர்கள் கொஞ்சம் மாறலாம், விஷயம் ஒன்றுதான்.

தொடங்கும் முன் ஒரு பழக்கம். காசு போகாவிட்டால் பதறிப் போய்த் திரும்பத் திரும்ப வைக்காதீர்கள். முதலில் இரண்டு திரைகளையும் பாருங்கள்: உங்கள் போனின் திரை, கடை மெஷினின் திரை. எதில் என்ன தெரிகிறது என்பதை வைத்தே பாதி விடை கிடைத்துவிடும்.

போனை வைத்தேன், இரண்டு திரையிலும் ஒரு அசைவும் இல்லை

போனும் மெஷினும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை என்று அர்த்தம். வங்கிக்கும் சிக்னலுக்கும் இதில் பங்கில்லை.

முதல் கேள்வி, உங்கள் போனில் என்எப்சி (NFC), அதாவது மிக அருகில் வைத்தால் மெஷினோடு பேசுகிற வசதி, இருக்கிறதா? நம் பக்கம் கடைகளில் விற்கிற விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது கிடையாது. ஒரே மாடலில்கூட ஒரு நாட்டுக்கு வந்த பெட்டியில் இருக்கும், இன்னொரு நாட்டுக்கு வந்ததில் இருக்காது. ஆகவே நண்பனிடம் உள்ள அதே போனில் வேலை செய்கிறது என்பதை நம்பி வாங்க வேண்டாம். செட்டிங்ஸில் மேலே உள்ள தேடும் பெட்டியில் என்எப்சி என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் அந்தப் போனில் அது இல்லை, எந்த ஆப் போட்டாலும் வராது. அப்படிப்பட்டவர்களுக்குக் கியூஆர் வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இருந்தால், அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியை மிச்சப்படுத்துகிறோம் என்று பிள்ளைகள் அணைத்து வைத்திருப்பார்கள். விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்த பிறகு சில போன்களில் அது அணைந்தே கிடக்கும்.

அடுத்தது, வைக்கிற இடம். என்எப்சி வேலை செய்வது சுமார் 4 சென்டிமீட்டர் தூரத்துக்குள்தான். போனுக்குள் அதன் ஏரியல் இருப்பது ஒரு சின்ன இடத்தில். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் முதுகின் நடுவில் அல்லது கேமராவுக்குக் கொஞ்சம் கீழே. மெஷினிலும் எல்லா இடமும் வாங்காது. நான்கு வளைகோடு போட்ட அடையாளம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வைக்க வேண்டும். சிலவற்றில் அது திரையின் மேலேயே இருக்கும், சிலவற்றில் தலைப்பக்கம், சிலவற்றில் பக்கவாட்டில். போனின் முதுகை அந்த அடையாளத்தில் பொருத்தி, இரண்டு விநாடி அசையாமல் பிடியுங்கள். உண்டியலில் காசு போடுவதுபோல் சட்டென்று காட்டிவிட்டு எடுத்தால் எடுக்காது. நான் அட்டனில் செய்த பிழை இதுதான். போனின் அடிப்பக்கத்தை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வீட்டிலேயே உங்கள் போனின் இடத்தைக் கண்டுபிடித்து வையுங்கள். அலைக்கோடு போட்ட ஏதாவது ஒரு வங்கிக் கார்டைப் போனின் முதுகில் மெதுவாக நகர்த்துங்கள். ஏதோ ஒரு இடத்தில் போன் அதிரும், அல்லது ஒலி எழுப்பும். அந்த இடம்தான்.

கவரையும் பாருங்கள். இரும்புத் தகடு ஒட்டிய கவர், மோட்டார் சைக்கிளில் காந்தத்தால் மாட்டுகிற கவர், பின்னால் கார்ட் செருகுகிற கவர் எல்லாம் இடைஞ்சல். கவருக்குள் இன்னொரு வங்கிக் கார்ட் இருந்தால் மெஷின் இரண்டையும் பார்த்துக் குழம்பும், சில நேரம் அந்தக் கார்டிலிருந்தே காசை எடுத்துவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் அசையவில்லை என்றால் மெஷின் இன்னும் தயாராகவில்லை. கல்லாவில் இருப்பவர் முதலில் தொகையை அடித்து, கார்டைக் காட்டச் சொல்லும் திரைக்குக் கொண்டு வர வேண்டும். கார்டைச் செருகியே பழகியவர்கள் அந்தத் திரைக்கு முன்னாலேயே மெஷினை நீட்டிவிடுவார்கள். “அண்ணே, தொகையை அடிச்சிட்டீங்களா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அலைக்கோட்டு அடையாளமே இல்லாத பழைய மெஷின்களும் இன்னும் சில கடைகளில் இருக்கின்றன. அவற்றில் போன் வேலை செய்யாது.

போன் அதிர்கிறது, ஆனால் வேறு ஏதோ திறக்கிறது

போனில் காசு கட்டுவதற்கான முதன்மை ஆப் எது என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் கூகுள் வாலட் தேர்வாகியிருக்க வேண்டும். என்எப்சி செட்டிங்ஸுக்குள்ளேயே இருக்கும். ரெட்மி, சியோமி போன்களில் கூடுதலாக ஒன்று: பாதுகாப்பு உறுப்பின் இடம் என்ற ஒரு தெரிவு வரும், அதில் எச்சிஇ வாலட் (HCE Wallet) என்பதைத் தெரிவு செய்யாவிட்டால் எவ்வளவு வைத்தாலும் போகாது.

போனைத் திறக்கச் சொல்கிறது, விரல் பிடிக்கவில்லை

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது.

என் அண்ணி கொழுந்து பறிக்கிறவர். அவருடைய போனில் விரல் ரேகையைப் பதிந்து கொடுத்தேன். வீட்டில் திறந்தது. டவுனில் கடையில் நின்றபோது ஐந்து தடவை வைத்தும் திறக்கவில்லை. “நம்ம கைக்கு இதெல்லாம் சரி வராது தம்பி” என்று போனைப் பைக்குள் வைத்துவிட்டார். அந்தச் சொல் என்னை மிகவும் வருத்தியது. கையில் குறை இல்லை. நாள் முழுக்கக் கொழுந்தும் கிளையும் உரசி ரேகை தேய்கிறது, கறை படிகிறது, சின்னச் சின்னக் கீறல் விழுகிறது. அதற்கு மேல் மழையும் குளிரும். ஈர விரலையும் குளிரில் வறண்டு வெடித்த விரலையும் போனின் சென்சார் சரியாக வாசிப்பதில்லை. மரக்கறித் தோட்டத்தில், பேக்கரியில், கராஜில் வேலை செய்கிறவர்களுக்கும் இதே பிரச்சினைதான்.

செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, ஞாயிற்றுக்கிழமை குளித்து முழுகிய கையில் பதியாமல், வேலை முடிந்து வந்த மாலையில், கை அன்றாடம் இருக்கிற நிலையிலேயே பதியுங்கள். ஒரே விரலை இரண்டு தடவை தனித்தனியாகப் பதிந்தால் இன்னும் நல்லது. இரண்டு, ரேகையை மட்டும் நம்பி நிற்காமல் போனின் இலக்கப் பூட்டை மனப்பாடமாக வைத்திருங்கள். கல்லாவுக்குப் போகும் முன், வரிசையில் நிற்கும்போதே போனைத் திறந்து வைத்துக்கொண்டால் அவசரம் இல்லை. இதை அண்ணிக்குக் காட்டிக் கொடுத்தேன். இப்போது அவரே இலக்கம் அடித்துக் கட்டுகிறார்.

தொந்தரவாக இருக்கிறது என்று பூட்டையே எடுத்துவிடாதீர்கள். திரைப்பூட்டை நீக்கினால் கூகுள் வாலட் அந்தப் போனில் இருந்து கார்டைக் கழற்றிவிடும். “நேற்று வேலை செய்தது, இன்று கார்டே இல்லை” என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “பூட்டை எடுத்தீர்களா?” என்பதுதான்.

போனில் டிக் வந்தது, மெஷினில் தோல்வி என்று வந்தது

மலையகத்தில் அதிகம் குழப்புவது இது. போனில் வரும் டிக்கைப் பார்த்து, “காசு போயிட்டுது அக்கா” என்று நாம் சொல்வோம். “இல்லையே, இங்க வரல்ல” என்று அவர் சொல்வார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறோம்.

அந்த டிக்குக்கு அர்த்தம், போன் தன் விவரத்தை மெஷினிடம் ஒப்படைத்துவிட்டது என்பது மட்டும்தான். மெஷின் அதை வங்கிக்கு அனுப்பி, வங்கி சம்மதம் சொல்லி, அது திரும்பி வந்தால்தான் காசு கட்டியதாகும். ஆகவே போனின் டிக்கை நம்பிப் பொருளை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். மெஷினில் சம்மதம் வர வேண்டும், ஸ்லிப் வர வேண்டும். கடைக்காரர் நிறுத்தினால் அவர் நம்மைச் சந்தேகிக்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கணக்கில் காசு இல்லாவிட்டாலும், வங்கி வைத்த தினசரி எல்லையைத் தாண்டினாலும் இப்படி வரும். அதை வங்கி ஆப்பில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். இரண்டும் இல்லை என்றால் பெரும்பாலும் மெஷினின் சிக்னல்தான். அந்தச் சின்ன மெஷினுக்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது. கடை ஒரு பள்ளத்தில் இருந்தால், முன்னால் ஒரு மலை மறைத்தால், அந்த சிம்மின் கம்பனிக்கு அந்தப் பக்கம் டவர் இல்லாவிட்டால் தகவல் வங்கிக்குப் போகாது. கரண்ட் போய் நெடுநேரமானால் டவரின் பேட்டரியும் இறங்கிவிடும். டவுன் நடுவில் நன்றாக வேலை செய்கிற போன் அரை மைல் கீழே இறங்கினால் ஒரு கோட்டில் நிற்பது நமக்குப் புதிதில்லை. மெஷினுக்கும் அதே கதி. “மெஷினைக் கொஞ்சம் வாசல் பக்கம் கொண்டு வர முடியுமா?” என்று கேட்டு, கதவோரம் வைத்துக் கட்டிய கடைகள் எனக்கு மூன்று இருக்கின்றன.

இத்தனை கடை ஏறி இறங்கி நான் கற்றுக்கொண்டதில் மிகவும் உதவுவது இதுதான். போனை வைத்துக் கட்டும்போது சிக்னல் தேவைப்படுவது கடை மெஷினுக்கு. உங்கள் போனில் டேட்டா இல்லாவிட்டாலும் சில தடவைகள் போகும், பிறகு ஒரு முறை இணையத்தோடு சேர்ந்தால் மறுபடி சரியாகிவிடும். கியூஆரை ஸ்கேன் செய்து கட்டும்போது நிலைமை தலைகீழ். கடையில் ஒரு காகித அட்டை மட்டும்தான் இருக்கிறது, சிக்னல் வேண்டியது உங்கள் போனுக்கு.

அதனால் கல்லாவில் நிற்கும்போது சிக்னல் யார் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். மெஷின் தேடிக்கொண்டே இருக்கிறது, உங்கள் போனில் மூன்று கோடு இருக்கிறது என்றால், “லங்கா கியூஆர் இருக்கா?” என்று கேளுங்கள். உங்கள் போன் செத்துக் கிடக்கிறது, ஆனால் முன்னால் நின்றவரின் கார்டுக்கு மெஷின் ஸ்லிப் கொடுத்தது என்றால், போனை வைத்துக் கட்டுங்கள். இந்த ஒரு கணக்கு தெரிந்த பிறகு நான் வெறும் கையோடு திரும்பியது மிகக் குறைவு. போனிலும் மெஷினிலும் வேறு வேறு கம்பனி சிம் இருப்பது நமக்கு நல்லதாகவே முடிகிறது.

இரண்டு பக்கமும் இல்லாத நாளும் வரும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது மலையகத்தில் பல இடங்களில் பாதையும் கரண்டும் போன் தொடர்பும் ஒன்றாக அறுந்தன. அப்படியான நேரத்தில் கடையில் செல்வது காசு மட்டும்தான். பையில் இரண்டு நாள் சாமானுக்கான தாள்காசை நான் இப்போதும் வைத்திருக்கிறேன். பஸ்ஸுக்குச் சில்லறையும் வேண்டும்.

காசு வெட்டிய மெசேஜ் வந்துவிட்டது, ஆனால் ஸ்லிப் வரவில்லை

இங்கேதான் இரண்டு தடவை கட்டிவிடுகிற ஆபத்து. வங்கி சம்மதம் சொன்னது, ஆனால் அந்தப் பதில் மெஷினுக்கு வந்து சேரும் முன் தொடர்பு அறுந்தது. உங்கள் கணக்கில் காசு குறைந்து காட்டும், கடைக்காரருக்கு ஒன்றும் காட்டாது.

நுவரெலியாவில் ஒரு கடையில் ஸ்வெட்டர் வாங்கியபோது எனக்கு இப்படி நடந்தது. திரும்ப வைக்கட்டுமா என்று கேட்ட அண்ணனிடம், முதலில் மெஷினின் கடைசிப் பரிவர்த்தனையை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். மெஷினிலேயே அதை மறுபடி அச்சிட வழி இருக்கிறது. அதில் என்னுடையது இல்லை. அப்படி என்றால் கடைக்குக் காசு சேரவில்லை. அன்றைக்குக் காசாகக் கொடுத்தேன். வெட்டிய தொகை சில நாளில் கணக்குக்குத் திரும்பியது. இப்படி நடுவில் அறுந்தவை பெரும்பாலும் தானாகவே திரும்பி வரும்.

வராவிட்டால் உங்கள் வங்கிக்கு எழுத வேண்டும். கார்ட் கொடுத்த உங்கள் வங்கியிடம்தான் போக வேண்டும், கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பதில் பயன் இல்லை. திகதி, நேரம், தொகை, கடையின் பெயர், வந்த மெசேஜ், மெஷின் தோல்வி ஸ்லிப் கொடுத்திருந்தால் அதன் படம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வங்கி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம் இருக்கிறது, அழைக்க வேண்டிய இலக்கம் 1935. முதலில் வங்கியிடம் முறையிட்டிருக்க வேண்டும், அதனால்தான் அந்த முறைப்பாட்டு இலக்கம் முக்கியம்.

மெஷின் பின் இலக்கம் கேட்கிறது

தொகை பெரிதாக இருந்தால் சில மெஷின்கள் கேட்கும், சிலவற்றில் கையெழுத்து கேட்பார்கள். அடிக்க வேண்டியது கார்டின் பின் இலக்கம். போனின் பூட்டு இலக்கத்தை அடித்துவிட்டுத் தோல்வி என்று நிற்கிறவர்கள் பலர். நீங்களே அடியுங்கள். வயதானவர்கள் இலக்கத்தை வாயால் சொல்லி அடிக்கச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்ய விடாதீர்கள், பக்கத்தில் நின்று மெஷினை அவர்கள் கைக்கு எட்டும்படி பிடித்துக் கொடுங்கள்.

கியூஆரில் கட்டினேன், கடைக்காரருக்கு மெசேஜ் வரவில்லை

லங்கா கியூஆர் என்பது 2018இல் மத்திய வங்கி கொண்டுவந்த பொதுத் தரம். அதனால் கடை எந்த வங்கியின் அட்டையை வைத்திருந்தாலும், அந்தத் தரத்தை ஏற்கிற எந்த வங்கி ஆப்பாலும் கட்டலாம். “நம்ம வங்கி இல்லையே” என்று திரும்ப வேண்டியதில்லை.

மெசேஜ் தாமதிப்பதற்குக் காரணம் மறுபடியும் சிக்னல்தான், இந்தத் தடவை கடைக்காரரின் போனில். உங்கள் ஆப்பில் வெற்றி என்று வந்து பரிவர்த்தனை இலக்கமும் இருந்தால் இரண்டாவது தடவை கட்ட வேண்டாம். ஆப்பைத் திறந்தபடியே காட்டுங்கள். பொய்யான படத்தைக் காட்டி ஏமாற்றுகிறவர்கள் இருப்பதால் கடைக்காரர் படத்தை மட்டும் நம்பத் தயங்குவது நியாயம். கொஞ்சம் காத்திருங்கள். அவசரம் என்றால் பெயரும் தொலைபேசி இலக்கமும் கொடுத்துவிட்டு வரலாம். தெரிந்த கடையில் இது போதும்.

ஸ்கேன் செய்ததும் ஆப்பில் கடையின் பெயர் வரும். அதை வாசித்த பிறகே உறுதி செய்யுங்கள். அட்டையின் மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிக் காசைத் திருப்பிவிடுகிற மோசடி பல நாடுகளில் நடந்திருக்கிறது. பெயர் மாறியிருந்தால் கட்டாமல் கடைக்காரரிடம் சொல்லுங்கள், அவருக்கும் அது பெரிய உதவி.

கார்ட் வாலட்டில் சேரவே இல்லை

வங்கி அனுமதித்த கார்ட் மட்டும்தான் சேரும், முதலில் அதை வங்கியிடம் கேளுங்கள். அனுமதி இருந்தும் சேரவில்லை என்றால் ஓடிபியை, அதாவது வங்கி மெசேஜில் அனுப்புகிற ஒரு தடவை இலக்கத்தை, பாருங்கள். அது போவது வங்கியில் பதிந்த இலக்கத்துக்கு. தோட்டத்தில் பல அம்மாமாரின் கணக்கில் இருப்பது எப்போதோ தொலைந்த சிம்மின் இலக்கம், அல்லது கொழும்பில் வேலை செய்கிற மகனின் இலக்கம். ஓடிபி மகனுக்குப் போகும், அவர் வேலைக்குள் நிற்பார், நேரம் முடிந்துவிடும். அடையாள அட்டையோடு கிளைக்குப் போய் இலக்கத்தை மாற்றிக்கொள்வதுதான் சரியான வழி. அரை நாள் போகும், ஆனாலும் செய்யுங்கள், காசு வெட்டுகிற மெசேஜும் அப்போதுதான் உரியவருக்கு வரும்.

போன் பாதுகாப்பானது இல்லை என்று வாலட் சொன்னால், அது மென்பொருள் மாற்றிய போனாக இருக்கலாம். பாவித்த போனை வாங்கியவர்களுக்கு இது வரும். அசல் மென்பொருளைத் திரும்பப் போட்டால்தான் சரியாகும்.

கடைக்காரர் கார்டுக்குக் கூடுதல் காசு கேட்கிறார்

வங்கி கடையிடம் எடுக்கிற கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் போடக்கூடாது என்று மத்திய வங்கி அறிவித்திருக்கிறது. அதைத் தன்மையாகச் சொல்லிப் பாருங்கள். சின்னக் கடைக்காரர்கள் பலருக்கு இது தெரியாது. நான் சொன்னதும் விட்டவர்களும் உண்டு. விடாவிட்டால் அந்த மெஷினைக் கொடுத்த வங்கிக்கு முறையிடலாம். கியூஆர் இருந்தால் அதில் கட்டுவது இன்னும் சுலபம்.

வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தேன், “இது உங்கள் கார்ட் இல்லை” என்கிறார்கள்

ஸ்லிப்பில் கடைசி நான்கு இலக்கம் இருக்கும். அதை உங்கள் பிளாஸ்டிக் கார்டோடு ஒப்பிட்டால் பொருந்தாது. போனை வைத்துக் கட்டும்போது உண்மையான கார்ட் இலக்கம் மெஷினுக்குப் போவதில்லை, அதற்குப் பதிலாக ஒரு மாற்று இலக்கம் போகிறது. கார்ட் இலக்கத்தைக் கடையில் யாரும் திருட முடியாமல் இருப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. வாலட்டில் அந்தக் கார்டைத் தொட்டு விவரத்தைத் திறந்தால் மாற்று இலக்கத்தின் கடைசி நான்கும் தெரியும். ஸ்லிப்போடு சேர்த்து அதைக் காட்டுங்கள், காசைத் திருப்பும்போது பிளாஸ்டிக் கார்டைக் கொடுக்காமல் அதே போனையே மெஷினில் வையுங்கள்.